அத்தையும் பீபியும் இருந்த வீடு

போன வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் நாம் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, நம்மில் ஒருத்தியின் பேத்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பெண் கோலாலம்பூரில் இன்னொரு பெண்ணோடு குடும்பமாக இருக்கிறாளாம். தீபாவளிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். நம் சிநேகிதி தலையைக் குனிந்துகொண்டு பிரசாதத் தொன்னையை மடக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து, நம் காலத்தில் இதெல்லாம் ஏது என்று முடித்தீர்கள்.

எனக்குச் சொல்ல இருந்தது. ஆனால் ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. மருமகன் வேறு காடியை ஓட்டிவந்து வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அதனால் எழுதுகிறேன். நீங்களும் என்னைப் போலக் காஜா பெராங்கிலும் அதைச் சுற்றியும் வளர்ந்தவர்கள்தான். நான் சொல்லப்போகிற இரண்டு பேரையும் உங்களில் சிலராவது தெருவில் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் ஒன்றும் தோன்றாமல் போயிருக்கும்.

நாட்டுக்கு மெர்டேக்கா, விடுதலை, கிடைத்த வருஷம் அது. எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. அம்மாவுக்கு இருமலில் ரத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். நெஞ்சு நோய், சீக்கிரம் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஒரு ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பெண்பிள்ளையைத் தனியாக வீட்டில் விட முடியாது என்று என்னை அத்தையிடம் கொண்டுபோய் விட்டார்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்வெட்டி வளர்ந்தவள். நல்ல உயரம். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த தோள்கள். ஜப்பான்காரன் காலத்தில் அவசர அவசரமாக அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். கட்டியவனைக் கொஞ்ச நாளிலேயே சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. சண்டை ஓய்ந்ததும் அத்தை தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். குடியிருந்தது செட்டிகள் வாழும் கம்போங் செட்டியில், ஒரு செட்டி வீட்டின் பின்கட்டில்.

நம் ஊர்ச் செட்டிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், நெற்றி நிறையத் திருநீறு பூசுவார்கள், ஆனால் தமிழை மறந்து பல தலைமுறை ஆயிற்று, வாயைத் திறந்தால் மலாய். அந்த வீட்டின் முன்கட்டில் ஓர் அண்ணன் தன் மனைவி மக்களோடு இருந்தார். கோயில் காரியங்களை முன்னின்று நடத்துகிறவர், அதிகம் பேசாதவர். பின்கட்டில் அவருடைய தங்கை. அவளை நான் பீபி என்று கூப்பிட்டேன். அவர்கள் பேச்சில் நாம் சின்னம்மா என்று சொல்வதுபோல. பீபி டவுனில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிறவள். பீபியோடுதான் அத்தை இருந்தாள்.

அந்தப் பின்கட்டில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். அறையில் இரும்புக் கட்டில் ஒன்று, அதன்மேல் கொசுவலை. மூலையில் நிலைக்கண்ணாடி. அதன் அடியில் பீபி முகத்தில் பூசும் அரிசி மாவு வில்லைகள் கிண்ணத்தில் இருக்கும். தண்ணீரில் குழைத்தால் மல்லிகை மணக்கும். அத்தைமேல் ஆஸ்பத்திரி வாசனை. இரண்டும் கலந்த ஒரு மணம் அந்தத் தலையணைகளில் இருந்தது. எனக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய். காலையில் கண் விழித்தால் வலைக்குள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பது கேட்கும். என்ன பேசினார்கள் என்பது நினைவில்லை. அரிசி விலை, வார்டில் பிறந்த குழந்தை, அந்த மாதிரிதான் இருக்கும். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பீபிக்குத் தெரிந்த தமிழ் முழுக்க அத்தை சொல்லிக்கொடுத்தது. அதனால் அது தோட்டத்துத் தமிழ். சாரோங்கும் மேலே கெபாயாச் சட்டையும் உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தி, முகத்தில் மாவு பூசிய ஒருத்தி, "ஏ புள்ள, பசியாறிட்டியா லா? தட்ட வழிச்சித் தின்னு" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு தாங்காது. முன்கட்டு ஆட்களுக்கு அது ஒரு வார்த்தையும் புரியாது. ஏதாவது ரகசியம் என்றால் இரண்டு பேரும் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கெபாயாவை முன்னால் பொத்தான் போட்டு மூடமாட்டார்கள். கெரோசாங் என்கிற மூன்று தங்க ஊசிகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் குத்தி மூடுவார்கள். பீபியின் கெபாயாவில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது இடத்தில் சாதாரண ஊக்கு. காணாமல் போன அந்த மூன்றாவது, அத்தையின் தோளில், சேலைத் தலைப்பில் இருந்தது. வேலைக்குப் போகும்போது கழற்றி இடுப்பில் முடிந்துகொள்வாள். திரும்பி வந்து கை கால் கழுவியதும் முதல் வேலையாக எடுத்துக் குத்திக்கொள்வாள். எதற்கு அத்தை என்று ஒரு நாள் கேட்டேன். "போட்டுக்கன்னு குடுத்தா. போட்டுக்கிட்டேன்" என்றாள்.

அம்மா படுத்திருந்த வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். வெளியே புல்லில் நின்று ஜன்னலைப் பார்க்க வேண்டும். அத்தை தன் வேலை முடிந்ததும் அம்மாவிடம் போவாள். தலை வாரிவிடுவாள், துணி அலசுவாள், பிறகு தோளைப் பிடித்துத் தூக்கி ஜன்னலில் என்னைக் காட்டுவாள். அம்மாவுக்குக் கஞ்சி பீபி வைத்தது. கெட்டியாகக் காய்ச்சி, கருவாடு வறுத்து, தூக்குச்சட்டியில் போட்டு அத்தை கையில் கொடுத்துவிடுவாள். அந்த வருஷம் அம்மா பிழைத்தது மருந்தால் பாதி, அந்தக் கஞ்சியால் பாதி. அம்மாவே பிற்பாடு சொன்னது இது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சில நாள் பீபியோடு கொட்டகைக்குப் போவேன். டிக்கெட் அறை ஓர் ஆள் நிற்கும் அகலம். ஒரு துளை வழியாகக் கைகள் உள்ளே வரும், போகும். நான் முக்காலியில் உட்கார்ந்து கச்சாங் பூத்தே கடலையைக் கொறித்துக்கொண்டு கைகளைப் பார்ப்பேன். அத்தையின் கை வந்தால் பீபிக்கு உடனே தெரிந்துவிடும். சில்லறையைக் கொடுக்காமல் விரலைப் பிடித்துக்கொண்டு, "டிக்கெட் ஹபிஸ், முடிஞ்சிருச்சி, போ" என்பாள். வெளியே அத்தை சிரிப்பது கேட்கும்.

மெர்டேக்கா அன்று நாங்கள் மூன்று பேரும் கடலோரத் திடலுக்குப் போனோம். நீங்களும் வந்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் யாரை யார் பார்த்தோம். வெயில், வியர்வை, பேண்டு வாத்தியம், ஐஸ் தண்ணீர்க்காரர்களின் மணி. என்னை நடுவில் விட்டால் நசுங்கிவிடுவேன் என்று அத்தை தோளில் தூக்கிக்கொண்டாள். இன்னொரு கையால் பீபியின் கையைப் பிடித்திருந்தாள். ஆயிரம் பேர் கையைத் தூக்கிக் கத்தினார்கள். நானும் கத்தினேன். கத்தல் ஓய்ந்தபோது பீபி அத்தையின் காதருகே, "இது நமக்கும் உண்டா?" என்று தமிழில் கேட்டாள்.

"நாம எப்பவோ எடுத்துக்கிட்டோம்" என்றாள் அத்தை.

என் அப்பா கெட்டவர் அல்ல. அதைச் சொல்லாமல் இதற்குமேல் போகக் கூடாது. அவர் சீர்திருத்தக் கூட்டங்களுக்குப் போகிறவர். சாதி வேண்டாம், சாமியாடுவது வேண்டாம், விதவைக்கு மறுமணம் வேண்டும் என்று மேடையேறிப் பேசியவர். நாடு விடுதலை அடைந்ததும் அவருக்குப் புது வேகம் வந்துவிட்டது. ஊருக்குச் சொல்கிறோமே, நம் வீட்டிலேயே ஒரு விதவைத் தங்கை இருக்கிறாளே என்று தோன்றியிருக்கிறது. தோட்டத்தில் இருந்த பெரியப்பாவிடம் பேசினார். பெரியப்பா ஒரு மாப்பிள்ளையைச் சொன்னார். மனைவியை இழந்த ஒரு தண்டல். வேலைக்காட்டில் ஆட்களை மேய்க்கிற உத்தியோகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் பின்கட்டுக்கு வந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். மாப்பிள்ளைக்கு உட்காரக் கட்டிலைத் தவிர வேறு இடமில்லை. அவர் அதன் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தார். அத்தை தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். பீபி அடுப்படி வாசலில் நின்றாள். நான் பாயில்.

அப்பா மேடையில் பேசுவது போலவே ஆரம்பித்தார். "தங்கச்சி, விதவைன்னு மூலையில ஒடுங்கிக் கெடந்த காலமெல்லாம் போச்சு. நாடே எந்திரிச்சி நிக்குது. நீ மட்டும் ஏன் அடுத்தவங்க வீட்டுப் பின்னால கெடக்கணும்?"

"நான் கெடக்கல அண்ணே. இருக்கேன்."

"தண்டல் நல்ல மனுசன்" என்றார் பெரியப்பா. "குடி கெடயாது. ரெண்டு புள்ளைங்க. பாத்துக்க ஆளு வேணும்."

"எனக்கு வேணாம் பெரியண்ணே."

"காரணத்தைச் சொல்லு" என்றார் அப்பா. "இருந்தா கேட்டுக்கறேன். நான் என்ன பழைய பஞ்சாங்கமா?"

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். "நெசமா கேப்பியா அண்ணே?"

"கேப்பேன்."

"எனக்குக் குடும்பம் இருக்கு. ரொம்ப வருசமா இருக்கு. இவதான். இன்னொருத்தரக் கட்டிக்கிட்டா இவளுக்குத் துரோகம்."

அப்பா சிரித்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "சிநேகிதம் வேற, குடும்பம் வேறம்மா."

"எங்களுக்கு ரெண்டும் ஒன்னுதான் அண்ணே. நான் ஒளிச்சி வெக்கல. நீங்க யாரும் கேட்டதில்ல. இன்னிக்குக் கேட்டீங்க, சொல்லிட்டேன்."

அவள் தோளிலிருந்த ஊசியில் ஒரு கை இருந்தது. அவள் தன் வேலையைப் பற்றியோ ஊரைப் பற்றியோ பேசும்போது எப்படி நிமிர்ந்து நிற்பாளோ, அப்படியே நின்றாள். எனக்கு இன்றைக்கும் அத்தை என்றால் அந்த நிலைதான்.

தண்டல் தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அவருக்குப் புரிந்துவிட்டது. பெரியப்பாவுக்கும் புரிந்தது. அவர் அத்தையை அறைந்த சத்தம் முன்கட்டுவரை கேட்டிருக்க வேண்டும். பீபி நடுவில் வந்து விழுந்தாள். பீபியின் அண்ணன் ஓடிவந்தார். என்ன என்று மலாயில் கேட்டார். பெரியப்பா தனக்குத் தெரிந்த மலாயில், தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் போட்டுச் சொன்னார்.

அண்ணன் தன் தங்கையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, அப்பாவிடம், "உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். என் வீட்டில் இது வேண்டாம்" என்று மலாயில் சொன்னார்.

"என் அப்பா கட்டிய வீடு. எனக்கும் வீடுதான்" என்றாள் பீபி. அவர் திரும்பி முன்கட்டுக்குப் போய்விட்டார்.

அத்தையை இழுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து லாரியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது பெரியப்பா அவள் தோளிலிருந்த ஊசியைப் பிடுங்கி, "செட்டிச்சி சாமானு" என்று சொல்லி வீசினார். சேலை கிழிந்தது. லாரி போனபிறகு பீபியும் நானும் சாக்கடையோரப் புல்லில் முட்டிபோட்டுத் தேடினோம். இருட்டும்வரை தேடினோம். கிடைக்கவில்லை.

நான் அப்பாவோடு எங்கள் வாடகை வீட்டுக்குத் திரும்பினேன். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்றார் அப்பா. சயாமில் செத்தவன் ஆவி பிடித்திருக்கிறது என்று பெரியப்பா சொல்கிறார், தோட்டத்துப் பூசாரி பார்க்கிறார், சரியாகிவிடும் என்றார். மேடையில் சாமியாடிகளைக் கிண்டல் செய்த மனிதர் தன் தங்கைக்குப் பூசாரி வைக்கச் சம்மதித்தார். அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் அத்தை சொன்னதற்கு இடமில்லை. பேய்க்கதையில்தான் இடம் இருந்தது.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலம். பள்ளிக்கூடம் விட்டு நான் அப்பாவுக்குத் தெரியாமல் பின்கட்டுக்குப் போவது வழக்கமாகியிருந்தது. பீபி கொட்டகைக்குப் போயிருந்தாலும் அடுப்படிக் கதவைத் திறந்து வைத்திருப்பாள். அன்று மத்தியானம் நல்ல மழை. முன் வாசலில் யாரோ நிற்பது தெரிந்து சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அத்தை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் கயிறு அறுத்த புண். தோட்டத்திலிருந்து எப்படி வந்தாள், எவ்வளவு தூரம் நடந்தாள் என்று தெரியாது. செருப்பு இல்லை.

பீபியின் அண்ணன் கதவைப் பாதி திறந்து நின்றார். "அவள் வேலையிலிருந்து வரும்வரை மட்டும்" என்று அத்தை மலாயில் கெஞ்சினாள். அவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மகனைக் கூப்பிட்டு, சைக்கிளில் போய் ரப்பர் கிடங்கில் என் அப்பாவிடம் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார்.

அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "புள்ள, அம்மா எப்டி இருக்கா?"

"நல்லா இருக்காங்க அத்தை."

"கஞ்சி குடிக்கிறாளா?"

"குடிக்கிறாங்க."

நான் சொல்லும்போதே அத்தைக்கு இருமல் வந்தது. அம்மா இருமுவது போலவே இருந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மழையில் கொட்டகைக்கு ஓடினேன். டிக்கெட் துளைக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. ஆட்களின் இடுப்புகளுக்கிடையே புகுந்து கையை உள்ளே விட்டு, "பீபி, அத்தை" என்றேன். பீபி துளைப் பலகையைச் சாத்தினாள். வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். அவள் சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் ஓடினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் காலிக் கோப்பைதான் இருந்தது. அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார், திரும்பவும் தோட்டத்துக்கு. வாம்மா, வீட்டுக்குப் போகலாம் என்றாராம். இதான் அண்ணே வீடு என்றாளாம். இதை அப்பாவே தன் கடைசிக் காலத்தில், யாரும் கேட்காமலே, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பீபி தன் அண்ணனைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். அப்பா வாய்விட்டு அழுதார். பீபிக்கு அவர் சொல்லி அனுப்பவில்லை. பஸ் ஏறுவதற்கு முன் நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

தோட்டத்தில் அத்தையை, ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். வெட்டிய முடி தெரியாமல் தலையில் துணி சுற்றியிருந்தது. தூக்குகிற நேரத்தில் ஒரு வாடகைக் காடி வந்து ரோட்டில் நின்றது. பீபி இறங்கினாள். கூடவே அவள் அண்ணன், தலைப்பாகையும் வெள்ளைச் சட்டையுமாக. பேசாத தங்கைக்குத் துணையாக அவ்வளவு தூரம் வந்திருந்தார். முகம் பார்க்க வேண்டும் என்று அவர் பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா, "நீங்க யாரு? ஒங்களுக்கு இங்க என்ன வேல?" என்றார்.

இரண்டு பேரும் ரப்பர் மரங்களின் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். மழைவிட்டு வெயில் காய்ந்தது. அவர் குடையை விரித்துத் தங்கைமேல் பிடித்தார். பாடை அவர்களைத் தாண்டிப் போனபோது பீபி அசையவில்லை.

அதற்குப் பிறகு பீபி தமிழ் பேசி நான் கேட்டதில்லை. நான் தமிழில் கேட்டாலும் மலாயில்தான் பதில் வரும்.

அம்மா வருஷக் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். வந்து சில நாளில் பெரியம்மா, பெரியப்பாவின் மனைவி, பார்க்க வந்தாள். அடுப்படியில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டிவிட்டாள். அத்தை செத்தபின் உடம்பைக் குளிப்பாட்டியது அவள்தான். உயிரோடு இருந்தபோது, பேய் ஓட்டுகிறோம் என்று விடியற்காலையில் குடம் குடமாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஈரத்துணியோடு உட்கார வைத்தார்கள். பிரம்பால் அடித்தார்கள். இருமல் வந்தபோது, ஆவி இறங்குகிற சத்தம் அது என்று பூசாரி சொன்னார். இன்னும் ஊற்றினார்கள்.

அன்று அப்பா வேலையிலிருந்து வந்ததும் அம்மா சாப்பாடு போட்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, "எனக்கு மொதல்லயே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவ பீபிய மொதமொத நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, பக்கத்துல உக்காந்து சோறு தின்னா பாருங்க, அன்னிக்கே தெரியும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே கொன்னிருப்பீங்க."

அப்பா கை கழுவாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் கூட்டங்களுக்குப் போகவில்லை.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, அப்பா இல்லாத நேரத்தில், பீபியின் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மலாயில், "அவளுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"என் தங்கையைக் கேட்கலாம். அவள் என்னோடு பேசுவதில்லை" என்றார்.

அவர் கேட்பது அத்தைக்காக என்று அப்போதுதான் புரிந்தது. போகிப் பண்டிகையன்று செட்டிகள் செத்துப்போன தங்கள் ஆட்களைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஓர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் பரிமாறுவார்கள். பார்ச்சு என்பார்கள். அந்தக் குடும்பத்து ஆட்களுக்குத்தான் இலை. வெளியாருக்குக் கிடையாது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கு, நெத்திலி சம்பல், தேங்காய்ப்பால் ஊற்றிய முருங்கைக்கீரை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

போகியன்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நோயிலிருந்து எழுந்த உடம்பு, வழியில் இரண்டு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். முன்கட்டுக் கூடத்தில் பாய் விரித்து வரிசையாக இலை போட்டிருந்தார்கள். சாதம், குழம்பு, பலகாரம், பழம், ஒவ்வோர் இலைக்கும் ஒரு விளக்கு. கடைசியில் ஓர் இலை. அதில் அம்மா சொன்னவை. பீபி பின்கட்டிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். வருஷா வருஷம் வருகிற சடங்கு என்றுதான் வந்திருப்பாள். கடைசி இலையில் இருந்த கிழங்கைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் சாம்பிராணிக் கலயத்தோடு ஒவ்வோர் இலைக்கு முன்னாலும் குனிந்து கூப்பிட்டார். அப்பாவை, அம்மாவை, சிறு வயதில் போன ஒரு தம்பியை. கடைசி இலைக்கு வந்து சற்று நின்றார். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரலில், "அடேக் ஈப்பார், மாரி மாக்கான்" என்றார். வா, வந்து சாப்பிடு என்பது எல்லா இலைக்கும் சொன்னதுதான். அடேக் ஈப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். கூடப்பிறந்த தம்பியை, தங்கையைக் கட்டியவர்களுக்குச் சொல்கிற முறை அது. வேறு யாருக்கும் சொல்வதில்லை.

கூடத்தில் அவர் மனைவியும் உறவுக்காரர்களும் இருந்தார்கள். யாரோ ஒருவர் தலையை நிமிர்த்தினார். அண்ணன் இன்னொரு முறை, முன்னைவிடத் தெளிவாக, அதையே சொன்னார்.

பீபி உள்ளே வந்து அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இலையைப் பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அண்ணனிடம் முதல் முறையாகப் பேசினாள். "அவளுக்குக் கோப்பி வேண்டும். பால் இல்லாமல்."

வேறு யாரையும் ஏவாமல் அவரே அடுப்படிக்குப் போய்ப் போட்டு எடுத்துவந்து வைத்தார்.

செத்தவர்கள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே முற்றத்தில் நின்றோம். பிறகு இலைகளில் இருந்ததை எடுத்துக் குடும்பத்து ஆட்களுக்குப் பகிர்ந்தார்கள். கடைசி இலையைப் பீபியின் அண்ணன் இரண்டு கையாலும் எடுத்துவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தார். டாக்டர் அம்மாவைக் காரமும் தேங்காய்ப்பாலும் தொடக் கூடாது என்றிருந்தார். அம்மா பீபியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். இருவருமாக இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

நாங்கள் திரும்பியபோது அப்பா வேலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இந்த உடம்போடு எங்கே போனாய் என்று அம்மாவைக் கேட்டார்.

"சம்பந்தி வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு, அம்மா விளக்கேற்றப் போனாள்.